பொழுதுபோக்காக ஓடுபவர் தம் வெற்றியை எதைக்கொண்டு அளப்பது?

ரேஸ்கோர்ஸ் விடியல் (கோவை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. பீளமேட்டில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறேன். பட்டறை திறப்பதற்கு முன் ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலோ வாலாங்குளத்துக் கரையிலோ ஓடுவது பல ஆண்டுப் பழக்கம். தொடக்கத்தில் ஒவ்வொரு அரை மாரத்தானிலும் (21.1 கிலோமீட்டர்) நேரம் குறைந்துகொண்டே வந்ததால், வெற்றி எது என்ற கேள்வியே எழவில்லை. இப்போது சில பருவங்களாக அந்த எண் 1 மணி 58 நிமிடத்தை ஒட்டியே நிற்கிறது. சென்ற முறை சற்றுக் கூடவும் செய்தது. உடன் ஓடும் நண்பர்களில் ஒரு சாரார், நேரத்தைப் பார்க்காமல் மகிழ்ச்சியாக ஓடு என்கிறார்கள். மற்றவர்கள், பயிற்சி போதவில்லை, வாரத்துக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் சேர் என்கிறார்கள். முதல் அறிவுரை நழுவல் போலத் தோன்றுகிறது. இரண்டாவதற்குப் பட்டறை இடம் கொடாது. பரிசுக்காகவோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெறுவதற்காகவோ ஓடாத என்னைப் போன்றவர்கள், முன்னேறுகிறோமா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? தத்துவத்தைவிட, நீங்கள் உண்மையில் எதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி)

அண்ணாவுக்கு வணக்கம். பலருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன். நேரத்தைத் தவிர மற்ற அளவுகள் எல்லாம் நம் வசதிக்கேற்ப வளைந்து கொடுப்பவை. 'இன்று ஓட்டம் நன்றாக இருந்தது' என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது, சொன்னவராலும் முடியாது. அறுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டு, ஒரே தொலைவை ஓடி, எண் அட்டையில் ஒட்டிய சில்லு பதிவு செய்த நேரத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதில்தான் இந்த விளையாட்டின் சமத்துவம் இருக்கிறது.

வெளியிலிருந்து ஓர் இலக்கு வேண்டுமென்றால், அமெரிக்காவின் பாஸ்டன் முழு மாரத்தானில் இடம் கேட்கத் தேவையான தகுதி நேரம் இருக்கிறது. உங்கள் வயதுப் பிரிவில் ஆண்களுக்கு 2026 பந்தயத்திலிருந்து 3 மணி 15 நிமிடம். அதை எட்டுவதும் எட்டாததும் வேறு செய்தி. அதற்கும் உங்களுக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்பது மழுப்ப முடியாத ஓர் எண். பயிற்சியைக் கூட்ட இடமில்லை என்றால், இந்த உழைப்புக்கு இவ்வளவுதான் விளைச்சல் என்று ஏற்றுக்கொள்ளலாம். விளைச்சல் குறைந்ததற்காக அளவுகோலை மாற்றுவது மட்டும் வேண்டாம்.

காலிங்கராயன் கரை (ஈரோடு)

தம்பி பாஸ்டனை எடுத்தது நல்லதாயிற்று, ஏனென்றால் அந்த எண்ணே நிலையாக நிற்பதில்லை. 2025 பந்தயத்துக்குத் தகுதி நேரத்தை எட்டியவர்கள் அனைவருக்கும் இடம் கிடைக்கவில்லை. தத்தம் பிரிவின் தகுதி நேரத்தைவிட 6 நிமிடம் 51 விநாடி வேகமாக ஓடியிருந்தவர்களுக்கே கிடைத்தது. விண்ணப்பித்தவர்கள் மிகுந்ததே காரணம். அடுத்த ஆண்டுக்குப் பல பிரிவுகளில் தகுதி நேரத்தையே ஐந்து நிமிடம் இறுக்கினார்கள். இதில் ஒருவருடைய கால் வலிமை பாதியைத்தான் தீர்மானிக்கிறது. அந்த ஆண்டு உலகில் வேறு எத்தனை பேர் வேகமாக ஓடினார்கள் என்பது மீதியைத் தீர்மானிக்கிறது. பீளமேட்டில் பட்டறை நடத்துபவரின் முன்னேற்றத்தை அளக்க இதைக் கருவி என்று சொல்ல என்னால் முடியாது.

எனக்கு அறுபத்தாறு வயது. ஓய்வு பெற்ற ஆசிரியன். நான் குறித்து வைப்பது வயதுத் தர விழுக்காடு. உலக மூத்தோர் தடகள அமைப்பின் அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும், ஆண் பெண் இருபாலருக்கும், ஒவ்வொரு தொலைவுக்கும் ஓர் உச்ச நேரம், அதாவது அந்த வயதில் எட்டக்கூடிய மிக வேகமான நேரம், கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த உச்ச நேரத்தை நம் நேரத்தால் வகுத்தால் விழுக்காடு கிடைக்கும். ஒரு தொலைவுக்கு உங்கள் வயதின் உச்ச நேரம் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 64 நிமிடத்தில் ஓடினால் 62.5 விழுக்காடு. அறுபதுக்கு மேல் உள்ளூர்த் தரம், எழுபதுக்கு மேல் வட்டாரத் தரம், எண்பதுக்கு மேல் தேசியத் தரம் என்பது வழக்கமான பகுப்பு. இணையத்தில் இதற்கான கணிப்பான்கள் பல உள்ளன. விடியல் அவர்கள் தமது பழைய நேரங்களையும் புதிய நேரங்களையும் அந்தந்த வயதோடு அதில் இட்டுப் பார்க்கட்டும். நாற்பதுகளில் ஆண்டுதோறும் உச்ச நேரமே கொஞ்சம் கூடிக்கொண்டு போவதால், ஒரே இடத்தில் நிற்கும் கடிகார நேரம் உண்மையில் சிறிய ஏற்றமாக இருக்கக்கூடும்.

மகிழ்ச்சியாக ஓடு என்ற அறிவுரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவின் எட் விட்லாக் 2004இல் டொராண்டோவில், தமது எழுபத்து மூன்றாம் வயதில், முழு மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். வீட்டருகே ஒரு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் ஓடுவதே அவருடைய பயிற்சி. தொலைவை அளக்காமல் மணியை மட்டும் பார்த்துக்கொண்டார். அந்தப் பயிற்சி தமக்கு இன்பமானதல்ல, பந்தயமும் அதில் வரும் நேரமும்தான் தம்மை ஈர்க்கின்றன என்று வெளிப்படையாகவே சொன்னவர். மகிழ்ச்சி இல்லாத ஓட்டமெல்லாம் வீண் என்று பேசுபவர்கள் இவரை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

நொய்யல் தென்கரை (திருப்பூர்)

ஐயா சொன்ன விழுக்காட்டில் வயதும் பாலும் இருக்கின்றன, வாழ்க்கை இல்லை. நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் வாரங்களில் இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்ப முடியும். காலையில் ஐந்து மணிக்குள் கிளம்பினால்தான் பிள்ளைகளுக்குச் சமைத்து அனுப்ப முடியும். ஆனால் அந்த நேரத்தில் தெருவிளக்கு எரியும் சாலையாகவும், நாய்கள் குறைந்த சாலையாகவும், உடன் வர இன்னொரு பெண் கிடைத்த நாளாகவும் இருக்க வேண்டும். என் ஓட்டம் நடப்பதும் நடக்காததும் என் நுரையீரலைச் சார்ந்து முடிவாவது அரிது.

ஆகவே நான் கணக்கு வைப்பது வாரத்தை. ஒரு வாரத்தில் மூன்று காலைகள் ஓடியிருந்தால் நாட்காட்டியில் அந்த வாரத்தின் ஓரத்தில் ஒரு கோடு போடுவேன். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று எழுதுவதில்லை. ஆண்டு முடிவில் கோடுகள் எந்த மாதங்களில் அடர்ந்திருக்கின்றன, எந்த மாதங்களில் காணாமல் போயின என்று பார்த்தால், அடுத்த ஆண்டு எந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக்கூடாது என்பது தெரிந்துவிடுகிறது. இதைப் பொள்ளாச்சித் தம்பி அளவுகோலை மாற்றுவது என்று சொல்வாரானால், எனக்கு வேறு அளவுகோல் முதலிலிருந்தே இருந்ததில்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி)

அக்கா, உங்கள் கணக்கைக் குறை சொல்லவில்லை. அதுவும் எண்ணக்கூடிய ஒன்றுதான். என் எரிச்சல் வேறு இடத்தில். பந்தயத்தில் முதல் பத்துக் கிலோமீட்டரைச் செல்பி எடுத்தே கடந்துவிட்டு, கடைசியில் வந்து பதக்கத்தையும் பனியனையும் வாங்கிக்கொண்டு, 'நானும் சாதித்துவிட்டேன்' என்று எழுதுபவர்களைப் பார்த்தால், சாதனை என்பதற்கே பொருளில்லாமல் போகிறது.

நொய்யல் தென்கரை (திருப்பூர்)

அந்தப் பனியன்களில் பெரும்பாலானவை எங்கள் ஊரில் தைத்தவையாக இருக்கும், தம்பி. அவர்கள் வாங்கட்டும்.

இயன்முறை மேசை (கோவை)

நான் இயன்முறை மருத்துவர். ஓடுபவர்களின் முழங்காலும் குதிகாலும்தான் என் அன்றாட வேலை. இதுவரை எழுதியவர்கள் இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாக்கி விவாதிப்பதாக எனக்குப் படுகிறது. உடல் திறன் கூடுகிறதா குறைகிறதா என்பது ஒன்று. ஓட்டம் என் வாழ்க்கையில் நிலைக்கிறதா என்பது மற்றொன்று. திருப்பூர் அம்மா இரண்டாவதை அளக்கிறார், பொள்ளாச்சிக்காரர் முதலாவதை. ஒன்றுக்கான கருவியால் மற்றதை அளக்கும்போதுதான் விடியல் அவர்களுக்கு வந்திருப்பது போன்ற மனக்குறை வருகிறது. உடல்நலத்துக்காக மட்டும் ஓடுபவர்களுக்கு மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அதற்கான விடை முன்பே கிடைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கடுமையான உடலுழைப்பு வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் போதும் என்கிறது. இந்த இழையில் எழுதுகிற பெரும்பாலோர் அதைத் தாண்டிவிட்டவர்கள்.

முதல் கேள்விக்கு வருவோம். பந்தய நேரம் திறனைக் காட்டும் கருவியாக நம் ஊரில் அவ்வளவு நம்பகமானதல்ல. மார்கழிக் காலைக்கும் சித்திரைக் காலைக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டில், ஒரே வேகத்தில் ஓடினாலும் இதயத்துடிப்பு கணிசமாக ஏறும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதாலும், வியர்வையில் நீர் குறைவதாலும், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் அளவு குறைகிறது, அதை ஈடுகட்ட இதயம் விரைந்து துடிக்கிறது. இதோடு ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வேறு. மேற்கு நோக்கிப் போய்க் கிழக்கு நோக்கித் திரும்பும் தடத்தில் காற்று சரிக்குச் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எதிர்காற்று பறித்துக்கொள்வதைப் பின்காற்று முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை.

ஆகவே நான் பரிந்துரைப்பது, ஆண்டில் ஒரே பருவத்தில், ஒரே தடத்தில், ஒரே இதயத்துடிப்பில் 5 கிலோமீட்டர் ஓடி, அதற்கான நேரத்தைக் குறித்து வைப்பது. பில் மாஃபடோன் என்ற பயிற்சியாளர் 180 இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை, மெல்லோட்டத்தில் இதயத்துடிப்பு தாண்டக்கூடாத எல்லையாக வைத்தார். விடியல் அவர்களுக்கு அது 133. அந்தச் சூத்திரம் எல்லோருக்கும் பொருந்தாது. உச்ச இதயத்துடிப்பைக் கணிக்க 220 இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரமும் அப்படியே, ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாகலாம். ஆனால் ஒப்பிடுவதற்கு எண் சரியாக இருக்க வேண்டும் என்பதைவிட, மாறாமல் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஒரே துடிப்பில் நேரம் குறைந்தால் திறன் கூடியிருக்கிறது. மணிக்கட்டுக் கடிகாரம் சில சமயம் இதயத்துடிப்புக்குப் பதிலாகக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், மெல்லோட்டத்தில் 170 என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். மார்புப் பட்டை மேலானது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு தொலைவின் நேரத்திலிருந்து வேறொரு தொலைவின் நேரத்தைக் கணிக்க, பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் தந்த சூத்திரத்தில், புதிய தொலைவைப் பழைய தொலைவால் வகுத்து, அதை 1.06 அடுக்குக்கு உயர்த்திப் பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். அதன்படி அரை மாரத்தானை 1 மணி 58 நிமிடத்தில் முடிப்பவர் 10 கிலோமீட்டரை ஏறத்தாழ 53½ நிமிடத்தில் ஓட வேண்டும். விடியல் அவர்கள் ஒரு காலையில் 10 கிலோமீட்டரை முழு மூச்சாக ஓடிப் பார்க்கட்டும். 51 நிமிடத்தில் முடித்தால் வேகம் இருக்கிறது, நீண்ட ஓட்டம்தான் போதவில்லை என்று பொருள். வார மொத்தத்தைக் கூட்டாமல் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் நீட்டினால் போதும். 55 ஆனால் நீண்ட ஓட்டத்தில் குறையில்லை. வாரத்தில் ஒரு நாள் வேகப் பயிற்சி வேண்டும். அளந்த பிறகு அடுத்த வாரம் எதை மாற்றுவது என்று தெரியாவிட்டால் அப்படி அளப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை.

நாள் தவறாமல் ஓடுவதை வெற்றியாகக் கொள்பவர்களுக்கும் ஒரு சொல். 1970இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற இங்கிலாந்தின் ரான் ஹில், 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல், ஒரு நாளும் விடாமல் குறைந்தது ஒரு மைலாவது ஓடினார்; கால் அறுவைக்குப் பின்னும் ஊன்றுகோலோடு அதைத் தொடர்ந்தார். கடைசி ஓட்டத்தில் நெஞ்சு வலி வந்த பிறகுதான் நிறுத்தினார். நான் வியக்கிறேன், ஆனால் என்னிடம் வருபவர் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு மூன்று என்ற திருப்பூர் அம்மாவின் கணக்கில் காய்ச்சலுக்கும் ஓய்வுக்கும் இடமிருக்கிறது. பெண்கள் கவனிக்க வேண்டியது: பயிற்சி கூடும்போது மாதவிலக்கு நின்றுபோனால், நேரம் எவ்வளவு குறைந்திருந்தாலும் அதை முன்னேற்றம் என்று எண்ண வேண்டாம். உழைப்புக்கேற்ற உணவு போகவில்லை என்பதன் அறிகுறி அது, எலும்பு முறிவில் கொண்டுபோய் விடும். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அளவுநாடா (சூலூர்)

இயன்முறை மருத்துவர் ஒரே தடம் என்றார். அந்தத் தடத்தின் நீளம் எவ்வளவு என்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். முறையாகச் சான்று பெற்ற பந்தயத் தடத்தை, சக்கரச் சுற்றுகளை எண்ணும் ஜோன்ஸ் கருவி பொருத்திய மிதிவண்டியால் அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு, ஓடக்கூடிய மிகக் குறுகிய பாதையில் அளந்து, தடம் ஒருபோதும் குறைந்துவிடக்கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டிப் போடுகிறார்கள். முழு மாரத்தானுக்கு அது 42 மீட்டர். கூட்டத்தில் விலகி விலகி ஓடுபவரின் கடிகாரம் இதைவிடவும் கூடுதலாகவே காட்டும். அதனால் 'என் கடிகாரத்தில் 21.1 தொட்டபோது இன்ன நேரம்' என்று எழுதுவது பந்தய நேரமாகாது. கோட்டைக் கடந்த நேரம்தான் நேரம்.

ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் என்பார்கள். ஆனால் மர நிழலிலும் உயரக் கட்டடங்களின் அருகிலும் செயற்கைக்கோள் சமிக்ஞை சிதறுவதால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண் வரும். சோதனை ஓட்டத்துக்கு அங்கே சுற்றுகளை எண்ணுங்கள். கடிகாரம் சொல்லும் தொலைவை எடுக்க வேண்டாம்.

கோபி வயல் (கோபிசெட்டிபாளையம்)

தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து பழநிக்கு நடந்து போகிறவர்கள் திரும்பி வந்தால், எத்தனை மணி நேரத்தில் நடந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா என்றுதான் கேட்கிறார்கள். காலில் கொப்புளத்தோடு கடைசியாக வந்தவருக்கும் முதலில் வந்தவருக்கும் மலையேறியது ஒன்றே. ஓட்டத்துக்கும் இப்படி ஓர் அளவு போதாதா என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி)

அண்ணா, பூசத்தன்று போய்ச் சேர வேண்டும் என்பதற்காக எந்த நாள் எந்த ஊரில் தங்குவது என்று கணக்குப் போட்டுத்தானே எல்லோரும் கிளம்புகிறார்கள்? பாதயாத்திரைக்கும் முடிவு நேரம் இருக்கிறது.

காலிங்கராயன் கரை (ஈரோடு)

சரியான பிடி. ஆனால் தம்பி, அந்த முடிவு நேரத்துக்குள் வந்தவர்களை யாரும் வரிசைப்படுத்துவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் விழுக்காட்டை எழுதி வைப்பவன்தான்; ஆனாலும் அதைக் குழுவில் பகிர்வதை நிறுத்திவிட்டேன். பகிர்ந்த காலத்தில், வாய்க்கால் கரையில் மெதுவாக ஓட வேண்டிய நாளிலும், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று வேகமாக ஓடிக்கொண்டிருந்தேன். நமக்காக எழுதும் எண்ணும் பிறர் பார்க்க எழுதும் எண்ணும் நடத்தையை வெவ்வேறாக மாற்றுகின்றன. திருப்பூர் அம்மணி கோடுகளை வீட்டு நாட்காட்டியில் போடுவதன் நயம் எனக்கு அதில்தான் தெரிகிறது.

ரேஸ்கோர்ஸ் விடியல் (கோவை)

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி கணிப்பானில் இட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டில் ஓடிய 1 மணி 58 நிமிடத்துக்கும் இப்போதைய 1 மணி 58 நிமிடத்துக்கும் இடையில் விழுக்காடு கூடியே இருக்கிறது. இதில் பெரிய ஆறுதல் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். பொள்ளாச்சித் தம்பி சொல்வதுபோல் கடிகாரத்தில் அதே எண்தான் இருக்கிறது, எனக்கு அது குறைய வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஆனால் இத்தனை நாள் டிசம்பர் பந்தயத்தையும் ஜூலைப் பந்தயத்தையும் அடுத்தடுத்து எழுதி ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டறையில் ஒரு தண்டின் விட்டத்தைச் சூடாக இருக்கும்போது ஒரு முறையும் ஆறிய பிறகு ஒரு முறையும் அளந்துவிட்டு, தேய்ந்துபோயிற்று என்று எந்தப் பையனாவது சொன்னால் நான் திட்டியிருப்பேன்.

மருத்துவர் சொன்ன 10 கிலோமீட்டர் சோதனையை ரேஸ்கோர்ஸில் நான்கு சுற்றாக ஓடலாம் என்று நினைத்தேன். சூலூர் நண்பர் எழுதியதைப் படித்த பிறகு, ஏறத்தாழ என்ற சொல் இடிக்கிறது. நேரு விளையாட்டரங்கின் செயற்கைத் தடம் மேல் என்று படுகிறது. அங்கே உள் தடங்களைப் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மூன்றாம் தடத்தில் ஓடினால் எத்தனை சுற்று?

அளவுநாடா (சூலூர்)

திட்ட அளவுத் தடமானால் முதல் தடம் 400 மீட்டர், இரண்டாவது 407.04, அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 7.67 மீட்டர் கூடும். மூன்றாம் தடம் 414.70 மீட்டர். 5 கிலோமீட்டர் இதயத்துடிப்புச் சோதனைக்குப் பன்னிரண்டு சுற்றும் 23.6 மீட்டரும், 10 கிலோமீட்டருக்கு இருபத்து நான்கு சுற்றும் 47.2 மீட்டரும். முடிவுக் கோட்டிலிருந்து பின்னோக்கி அந்த மீட்டர்களை நாடாவால் அளந்து, அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டு, அங்கிருந்து புறப்படுங்கள். அப்படிச் செய்தால் முழுச் சுற்றுகள் முடிவுக் கோட்டிலேயே முடியும். ஐப்பசியில் மழை பிடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் நானும் நாடாவோடு வருகிறேன். சுற்று எண்ண ஓர் ஆள் வேண்டும்.

ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி)

சுற்றை நான் எண்ணுகிறேன், அண்ணா. முதல் பேருந்தைப் பிடித்தால் ஆறரைக்குள் உக்கடம் வந்துவிடுவேன்.